முதுகு திறந்த கவசம்

ஜெனி, நீ அடுப்புக்குப் பக்கத்தில், எரிக்க வைத்திருந்த பாளைகளுக்கு மேலே போட்டுவிட்டுப் போன இருபத்திமூன்று தாள்களும் எரியவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மிச்சத்தை நீ ஒழுங்காக வாசிக்கமாட்டாய், அவசரக்காரி, என்னைப் போல. ஒரு தாளின் மூலையில் மட்டும் கரி பட்டுவிட்டது. அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தேன், கரி போகவில்லை, தாள்தான் மெலிந்தது. எல்லாவற்றையும் குசினி மேசையில் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் உப்புப் போத்தலையும் ஒரு பாதித் தேங்காயையும் மேலே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ போய் மூன்று நாள். நான் அழைத்தால் போனை எடுக்கிறாய் இல்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாய்: “திங்கக்கிழமை அந்த வேலை வேண்டாமெண்டு எழுதிப் போடப் போறன். அம்மாட்டைச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா.” சொன்னார். நான் சந்தோசப்படவில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும் தாள்களும் நாளைக் காலைப் பஸ்ஸில் அப்பாவோடு கொழும்புக்கு வருகின்றன. கொழும்பு என்றாலே தலையிடி வருகிற மனுசன், நான் கேட்டு முடிக்க முதலே “ஓம், போறன்” என்றார். உறையை நான் ஒட்டப்போவதில்லை. அவர் வழியில் வாசிப்பார், பக்கத்துச் சீற்றில் இருப்பவரும் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். இந்த வீட்டில் நடந்த பிழை முழுக்க நான் ஒன்றை ஒளித்ததால் வந்தது. இதையாவது திறந்தபடி அனுப்புகிறேன்.

நீ மூன்று கிழமை லீவு போட்டுக்கொண்டு வந்தபோது எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். கணினி விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறாய் என்று தெரியும். ஒரு வெளிநாட்டுக் கம்பனி உனக்குப் பரீட்சை மாதிரி ஒரு வேலை தந்திருக்கிறது, அது எடுபட்டால் கோலாலம்பூரில் வேலை என்பதும் தெரியும். என்ன படம் என்று மட்டும் நான் கேட்கவேயில்லை. நாயாற்றில் அப்பா பிடித்துக்கொண்டு வருகிற இறாலை உனக்குப் பொரித்துப் போடுவதிலேயே குறியாக இருந்தேன். கடைசி நாள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் மேசையைப் பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை தகடு போட்ட ஆமிக்காரர். மை ஊற்றியது போல முகமில்லாத தலைகள். கையில் என்ன ஆயுதம் என்றே தெரியாத நீட்டு நீட்டுச் சாமான்கள். எனக்கு உடம்பெல்லாம் கொதித்துவிட்டது.

“உதென்ன பிள்ளை?”

“இன்னும் எண்பது வருசத்தாலை நடக்கிற ஒரு சண்டையம்மா. அந்த ஆமிக்காரர் போடுற கவசம் எப்பிடி இருக்குமெண்டு கீறிக் குடுக்கோணும்.”

“எண்பது வருசத்தாலையும் சண்டையோ? உந்தக் கோலத்தைக் கண்டு நாங்கள் ஓடினது காணாதெண்டு நீ இன்னும் புதுசாக் கீறிக் குடுக்கப் போறியோ? உன்னைப் படிப்பிச்சது உதுக்கோ?”

“அம்மா, ஒருக்கா ஒழுங்காப் பாருங்கோவன்.”

“பாக்கத் தேவையில்லை. எனக்குத் தெரியாத உடுப்போ?”

நீ தாள்களை அடுக்கினாய். அடுக்கி, அடுப்படிக்குக் கொண்டுபோய், பாளைகளின் மேல் போட்டாய். “ஓம், உங்களுக்குத் தெரியாத உடுப்போ. அண்டைக்கு மாதிரி இதையும் நீங்களே எரியுங்கோ” என்று சொன்னாய். அரை மணித்தியாலத்தில் பையோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். பொரித்த இறால் அப்படியே கிடந்தது.

அண்டைக்கு என்றால் என்றைக்கு? எனக்குச் சத்தியமாக விளங்கவில்லை. அடுத்த நாள் காலை அப்பா முற்றத்தில் வலையிலிருந்த பாசியைக் கிள்ளிக்கொண்டு இருந்தபோது கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“உம்மை வேலையிலையிருந்து திருப்பி அனுப்பின நாள். அவள் கொப்பியிலை கீறிக்கொண்டிருந்தவள். நீர் கிழிச்சு அடுப்பிலை போட்டனீர்.”

“அது ஆமிக்காரன்ரை படமெல்லோ?”

“இல்லையப்பா. அது நீர்.”

நான் அந்த இடத்திலேயே, பாசிக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். பிறகு அவர் மிச்சத்தையும் சொன்னார். நீயும் அவரும் பதினைந்து வருடமாகப் பொத்தி வைத்திருந்ததை எல்லாம் சொன்னார். இனி என் பக்கத்தை நான் சொல்லவேண்டும்.

வவுனியா முகாமிலிருந்து எங்கள் ஊரான தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தபோது எங்களிடம் ஒரு சோற்றுப் பானையும் அலுமினியத் தட்டு மூன்றும் இருந்தன. அப்பாவின் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. மிதிவெடி அகற்றுகிற நிறுவனம் ஒன்று பெண்களையும் எடுப்பதாகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தேன். உனக்கு அப்போது எட்டு வயது. சண்டையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த பிள்ளை, வெடிச்சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகிற பிள்ளை. அதனால் உன்னிடம், வெடி எடுக்கிற ஆட்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை என்று சொன்னேன். ஒவ்வொரு நாள் பின்னேரமும் நீ “இண்டைக்கு என்ன கறியம்மா சமைச்சனீங்கள்?” என்று கேட்பாய். பருப்பும் கத்தரிக்காயும் என்பேன். திருக்கைப் பால்கறி என்பேன். நான்கு வருடம் நாற்பது பேருக்கு வாயாலேயே சமைத்திருக்கிறேன். ஒருநாள் என் கையை மணந்து பார்த்துவிட்டு, “வெங்காயம் மணக்கேல்லை” என்றாய். சோப்புப் போட்டுக் கழுவினேன் என்று சொல்லித் தப்பினேன். நான் தப்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்த வேலைக்கு ஒரு கவசச் சட்டை தருவார்கள். கழுத்தைச் சுற்றி உயர்ந்த கொலர், நெஞ்சு, வயிறு, கீழே தொடை மூடுமட்டும் ஒரு மடிப்பு. எல்லாம் முன்பக்கம்தான். பின்னால் நாடா இரண்டு குறுக்காகப் போகும், அவ்வளவுதான், முதுகு வெளி. தலையில் ஒரு பட்டி, அதில் முகத்தை மூடுகிற தடித்த கண்ணாடி. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நிற்கவேண்டும். இரும்பு தேடுகிற மெசின் சத்தம் போட்ட இடத்தில் சின்ன மண்கரண்டியால் பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்லச் சுரண்டவேண்டும். சில நாட்களில் காலை முழுதும் சுரண்டிப் பார்த்தால் ஒரு மீன்ரின் மூடி வரும். அதைக் கையில் எடுத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

அந்தச் சட்டை ஆம்பிளைகளின் அளவுக்கு வெட்டியது. பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் தலைமயிர் சீவி இழுக்கக் கையைத் தூக்க முடியாது. எங்களுக்குள் ஒரு பெண்தான் அதற்கு வழி கண்டாள். பழைய சீலையில் அகலமாக ஒரு துண்டு கிழித்து, சட்டைக்கு மேலால் இடுப்பில் இறுக்கிக் கட்டினால் பாரத்தில் பாதி இடுப்புக்கு இறங்கிவிடும், குடம் தூக்கிப் பழகிய இடுப்புத்தானே. ஒரு கிழமைக்குள் எங்கள் அணியிலிருந்த பெண்கள் பதினொரு பேரும் கட்டிவிட்டோம். சுப்பவைசர் முதலில் ஏசினார். பிறகு தானே வந்து பார்த்து, “ஒரே இழுவையிலை அவிழோணும், அப்பிடி எண்டால் கட்டுங்கோ” என்றார். என் துண்டு இளநீலம், சின்ன வெள்ளைப் பூ. இடம்பெயர்ந்த இடமெல்லாம் என்னோடு வந்த சீலை, கரை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

அந்தப் பூவைத்தான் நீ பிடித்திருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு மிதிவெடி பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் படங்கள் காட்டினார்களாம். ஒரு படத்தில் வரிசையாக முழங்காலில் நிற்கிற பெண்கள், பக்கவாட்டிலிருந்து எடுத்தது. கண்ணாடியில் வெயில் பட்டு ஒருவருடைய முகமும் தெரியவில்லையாம். நீ இடுப்பைப் பார்த்தாய். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மட்டும் சொன்னாய். அந்த நல்ல மனுசன் உன்னிடம் என்ன சொன்னாராம் தெரியுமா? “அம்மா ஒளிக்கிறாவெண்டால் நாங்கள் தெரிஞ்ச மாதிரிக் காட்டக் கூடாது.” மூன்று பேர் இருக்கிற வீடு. மூன்று பேரும் ஆளை ஆள் பார்த்துப் பருப்பும் கத்தரிக்காயும் என்று கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இனி அந்த நாள். காலையில் நான், வேலை நடுவில் உயர்த்தவே கூடாத முகக் கண்ணாடியை உயர்த்திவிட்டேன். கண்ணுக்குள் வியர்வை இறங்கி எரிந்தது. ஓய்வுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது, பொறுக்க முடியவில்லை. உயர்த்தி, கையால் துடைத்து, இறக்கினேன். மூன்று மூச்சு விடுகிற நேரம். சுப்பவைசர் கண்டுவிட்டார். அன்றைக்கு என்னை வாகனத்தில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். அவர் செய்தது சரி. எனக்கு அது விளங்க ஒரு கிழமை சென்றது. அன்று எனக்கு வெட்கமும் கோபமும்தான். எங்கள் ஒழுங்கை றோட்டில் ஏறுகிற முகப்பில் இறங்கினால், வீடு வீடாக ஆட்களைப் பதிய ஆமிக்காரர் வந்துகொண்டு இருக்கிறார்கள். ஓடி வந்தேன். நீ குசினி நிலத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு, கொப்பி விரித்து, பச்சைப் பென்சிலால் கவசம் போட்ட ஒரு ஆளைக் கீறிக்கொண்டு இருக்கிறாய்.

அந்த நாட்களில் எனக்கிருந்த பயம் உனக்கு முழுதாகத் தெரியாது. பிள்ளை ஏன் சீருடை கீறுகிறது, எங்கே கண்டது, யாருடையது என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கேட்பார்களோ மாட்டார்களோ என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இருக்கவில்லை. தாளைக் கிழித்தேன், அடுப்பில் போட்டேன். நீ என்னவோ சொல்ல வாயைத் திறந்தாய். என் கையால் உன் வாயைப் பொத்தினேன்.

அதற்குள் ஒரு பொடியன் வாசலில் வந்து நின்றான். ஆமிச் சட்டை, தலைக்கவசம், நெஞ்சுக்குப் பாரச் சட்டை, மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினான். எழுதும்போது பேனை கையால் விழுந்தது. குனிந்தான், குனிய முடியவில்லை. சட்டை வயிற்றில் முட்டி, கொலர் நாடியில் இடித்தது. எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். காலையில்தானே கழற்றிவிட்டு வந்தேன். நான் அசையவில்லை. நீதான் பேனையை எடுத்துக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு அவனுடைய சட்டையில் நாடா எங்கே போகிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தாய். “ஸ்துதி நங்கி” என்று உனக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். எங்கள் அடுப்பை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

அது நீங்கள் என்றுதான் நீ சொல்ல வந்தாய். நான் கேட்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து, ஒருக்கா ஒழுங்காப் பாருங்கோவன் என்று கேட்டாய், அதையும் நான் கேட்கவில்லை. மன்னித்துக்கொள் மகள். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. என் அம்மா என்னிடம் கேட்டதில்லை. நான் கேட்கிறேன். படத்தைக் கிழித்ததைவிட உன் வாயைப் பொத்தியதுதான் இப்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

அப்பா சொல்லி முடித்ததும் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு நாளாக வேறு வேலை ஒன்றும் ஓடவில்லை. முதல் நான்கு தாளில் கட்டைவிரல் அளவு உருவங்கள், வெறும் நிழலாக, முப்பது நாற்பது. பிறகு அதிலிருந்து மூன்றைத் தெரிந்தெடுத்துப் பெரிதாக்கியிருக்கிறாய். முன்பக்கம், பக்கவாடு, பின்பக்கம். பிறகு தலைக்கவசம் மட்டும் எட்டு விதம். பிறகு முழங்கால், முழங்கை, விரல் மூட்டு என்று அம்புக்குறி போட்டுக் குறிப்புகள். இவ்வளவு யோசித்துத்தான் ஒரு படம் வருகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு தாளில் கம்பனிக்காரர் கேட்டதை எழுதி ஒட்டியிருக்கிறாய்: கண்டவுடன் பயம் வரவேண்டும், முகம் தெரியக்கூடாது.

இனி நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே. ஏழாம் தாளில் இருக்கிற அந்தத் தோள்தகட்டை நான் செய்து பார்த்தேன். பிஸ்கட் பெட்டி அட்டையை நீ எழுதிய அளவுக்கு வெட்டி, அப்பாவின் தோளில் கயிற்றால் கட்டி, நெஞ்சுக்கு ஐந்து கிலோ அரிசிப் பையையும் தொங்கவிட்டேன். மனுசன் “என்னப்பா, நாடகமோ?” என்று கேட்டுக்கொண்டு நின்றார். குசினிக் கதவால் நேரே போகமுடியவில்லை, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனார். மூக்குச் சொறியச் சொன்னேன், கை மூக்குமட்டும் போகவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருந்தார், எழும்ப முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. ஆகவே தோளில் நாலு விரல் குறை. எண்பது வருடம் கழித்தும் மனுசருக்கு மூக்குக் கடிக்கும்.

மற்றவற்றைத் தாள்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன், விருப்பமில்லாவிட்டால் அழித்துவிடு. கொலர் உயரம் கூடிவிட்டது, முழங்காலில் நின்று குனிந்தால் முகக் கண்ணாடியைத் தள்ளும். கண்ணாடிக்கு உள்ளே மூச்சு ஆவி படியும், நாங்கள் சோப்பைப் பூசித் துடைப்போம், நீ காற்றுப்போக ஒரு வழி விடு. பன்னிரண்டாம் தாளில் நிற்கிற பெண்ணின் நெஞ்சுக்கு இரண்டு சிரட்டை கவிழ்த்தது மாதிரித் தகடு போட்டிருக்கிறாயே, அது அவர்கள் கேட்டதா, நீயே போட்டதா? அவர்கள் கேட்டதென்றால் அம்மா ஏசினா என்று சொல். நடுவில் பள்ளம் இருந்தால் வருகிறதெல்லாம் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். பிறகு, அவர்கள் எப்படி மூத்திரம் பெய்வார்கள்? இருபத்திமூன்று தாளில் ஒன்றிலும் அதற்கு வழி இல்லை. நாங்கள் பதினொரு பேரும் அந்த வேலையில் பயந்தது வெடிக்கல்ல, அதற்குத்தான்.

இதையெல்லாம் எழுதுவதால் அம்மா மாறிவிட்டா என்று நினைக்காதே. எனக்கு அந்த உடுப்புப் பிடிக்காது. எண்பது வருடம் கழித்தும் சண்டை என்று ஒருவர் விளையாட்டுக்குச் சொன்னாலும் நான் அந்த இடத்தில் இருக்கமாட்டேன். நீ அந்த வேலையை வேண்டாம் என்று எழுதுவதென்றால் எழுது. உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுது, மனம் ஒப்பவில்லை என்று எழுது. என் வாய்க்குப் பயந்து எழுதாதே. பயத்தில் செய்த வேலை எப்படிப் போகும் என்பதற்கு நான் கிழித்த தாளே காணும். உன் அப்பாவுக்கு வள்ளம் போனபோது என்னை அந்த வேலைக்குப் போகவேண்டாம் என்று எத்தனை பேர் சொன்னார்கள் தெரியுமா? என் சொந்த அண்ணன் வந்து முற்றத்தில் நின்று கத்தினார். நான் போனேன். நான் துப்புரவாக்கிய காணியில் இப்போது கச்சான் கடலை போட்டிருக்கிறார்கள், வருடம் தவறாமல் எங்களுக்கு ஒரு பை வரும். நீயும் தின்றாய், எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே தின்றிருக்கிறாய், கள்ளி.

இனி பத்தொன்பதாம் தாள். அதுவரை வந்த ஆட்கள் எல்லாம் நிற்கிறார்கள், நடக்கிறார்கள், ஓடுகிறார்கள். இவள் மட்டும் முழங்காலில் நிற்கிறாள். அணிக்கு முன்னால் போய்ப் பாதை திறப்பவள் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். மற்ற எல்லோருக்கும் கறுத்த கண்ணாடி. இவளுக்கு மட்டும் தெளிவான கண்ணாடி, உள்ளே முகம் தெரிகிறது, நெற்றியில் வியர்வை கூடத் தெரிகிறது. அவர்கள் கேட்டதற்கு மாறாகச் செய்திருக்கிறாய் என்று எனக்கே தெரிகிறது. இடுப்பில் ஒரு துணி. இளநீலம், வெள்ளைப் பூ. எண்பது வருடம் கழித்து, இரும்பா பிளாஸ்ரிக்கா என்று தெரியாத அந்தக் கவசத்துக்கு மேலே என் சீலைத் துண்டு. ஜெனி, நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அப்பா வந்து தாளை மெல்ல இழுத்து எடுத்தார், ஈரம் பட்டுவிடும் என்று.

அந்தத் துண்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. உறைக்குள் வைத்திருக்கிறேன். நீ நீலத்தைக் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டாய், பார்த்துத் திருத்து. முடிச்சும் பிழை. நீ போட்டிருப்பது இரட்டை முடிச்சு, அது இறுகினால் கத்தியால்தான் வெட்டவேண்டும். துண்டில் நான் சரியான முடிச்சைப் போட்டு வைத்திருக்கிறேன். தொங்குகிற நுனியைப் பிடித்து ஒருக்கா இழுத்துப் பார், அப்படியே கழன்று வரும். கவசம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், போட்ட ஆளே ஒற்றைக் கையால் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பாய் என்றால் அதை வை.

இருபத்திரண்டாம் தாளில் அவளுடைய முதுகு மட்டும் ஆறு தரம் கீறியிருக்கிறாய். ஒன்றில் ஆமை ஓடு மாதிரி, ஒன்றில் மீன் செதிள் மாதிரி, ஒன்றில் முள்ளந்தண்டு வழியே சின்னச் சின்னத் தகடு. அழித்து அழித்துக் கீறியதில் தாளே தேய்ந்துபோய் வெளிச்சம் தெரிகிறது. முதலில் எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “அண்டைக்கு அடுப்பிலை போட்ட படத்திலையும் முதுகு மூடித்தான் கீறியிருந்தவள். அம்மாக்கு ஏனப்பா பின்னாலை ஒண்டும் இல்லை எண்டு என்னைக் கேட்டவள்” என்றார். பள்ளிக்கூடத்தில் காட்டிய படத்தில் நீ என் வெளி முதுகைக் கண்டிருக்கிறாய். ஒன்பது வயதிலிருந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அதை எப்படி மூடுவது என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நீ கோலாலம்பூருக்கு வரைகிறாய் என்று நான் நினைத்தேன்.

ஆகவே அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும், அப்பா சொல்லமுடியாத பதில். எங்கள் சட்டைக்கு முதுகு வைக்காததற்கு வெக்கையும் பாரமும்தான் காரணம் என்று பயிற்சியில் சொன்னார்கள். அது சரி. ஆனால் வேலை செய்யச் செய்ய எனக்கு வேறொன்றும் விளங்கியது. அந்த வேலையில் நமக்குத் தெரியாத நிலம் முன்னால் இருக்கிற ஒரு சாண் மட்டும்தான். பின்னால் இருப்பதெல்லாம் நானே முழங்காலில் நின்று, விரல் விரலாகத் தேடி, இரண்டு பக்கமும் தடி நட்டுக்கொண்டு வந்த பாதை. அங்கேயிருந்து எனக்கு ஒன்றும் வராது. அந்தப் பக்கம்தான் தண்ணீர்ப் பீப்பா இருந்தது, எங்களை ஏற்றிப்போகிற லொறி நின்றது, தண்ணீரூற்றுக்குப் போகிற றோட்டு இருந்தது.

மற்ற ஆமிக்காரருக்கு நீ எப்படி வேண்டுமானாலும் முதுகை மூடு, அவர்கள் பாடு, கம்பனி பாடு. பத்தொன்பதாம் தாளில் நிற்கிறவளுக்கு மட்டும் திறந்துவிடு பிள்ளை. ஏன் என்று அவர்கள் கேட்டால் சொல்லு, அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்து, இண்டைக்கு என்ன கறியம்மா என்று கேட்க ஒரு பிள்ளை நின்றது, அந்தப் பக்கத்துக்கு அவளுக்குத் தகடு தேவைப்படவில்லை என்று.

அம்மா